எர்வின் ஸாடோரின் ரத்தத்தை மட்டும் பகிர்வோருக்கு ஒரு திறந்த மடல்

இணையத்தில் வரலாற்றுப் படங்களையும் விளையாட்டுக் கதைகளையும் தமிழில் பகிரும் பக்கங்கள், சேனல்களை நடத்துவோருக்கு,

உங்களில் ஒருவர் அண்மையில் வெளியிட்ட வீடியோவில் எர்வின் ஸாடோர் தமிழில் பேசுகிறார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில், நீந்திக்கொண்டே ஆடும் பந்தாட்டமான வாட்டர் போலோவில், சோவியத் வீரர் ஒருவர் முகத்தில் அடித்ததில் ரத்தம் வழிய நின்ற ஹங்கேரி வீரர் அவர். பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்துக்கு வண்ணம் பூசி, செயற்கை நுண்ணறிவால் உதட்டை அசைய வைத்து, ஒரு குரலையும் சேர்த்திருக்கிறீர்கள். தன் வலது கண் அன்றோடு போய்விட்டது என்கிறார். குளத்துத் தண்ணீர் முழுக்கச் சிவந்துபோனது என்கிறார். ஊருக்குத் திரும்பியிருந்தால் தூக்கில் போட்டிருப்பார்கள் என்று சொல்லி அழுகிறார். 2012 ஏப்ரல் 28 அன்று கலிஃபோர்னியாவில் 77 வயதில் இறந்துபோன மனிதரின் வாயில் நீங்கள் வைத்த சொற்கள் இவை. அந்த வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கும் வந்து சேர்ந்தது.

நான் புடாபெஸ்டில் குடும்பத்தோடு வசிக்கிறேன். என் மகன் இங்கே ஒரு சிறுவர் அணியில் வாட்டர் போலோ ஆடுகிறான். வீடியோவைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஸாடோருக்குக் கண் தெரியாமல் போச்சா?" என்று கேட்டான். கேட்டபோது அவன் முகத்தில் கலவரம். அவன் பயிற்சி எடுக்கும் குளத்தின் நடைபாதையில் பழைய அணிகளின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். 1956 அணியின் படமும் உண்டு. அதில் ஸாடோர் மற்றவர்களோடு தோள் சேர்த்து நிற்கிறார், காயம் இல்லாமல். அந்தப் பிள்ளைகளுக்கு அவர் அணியில் ஒருவர். உங்கள் பக்கங்களைப் பார்ப்பவர்களுக்கோ அவர் ஒரு காயம் மட்டுமே.

அந்த வீடியோவை வெளியிட்ட பக்கத்துக்கு முதலில் தனியாகத்தான் எழுதினேன். எது எது தவறு என்று மரியாதையாகவே குறிப்பிட்டிருந்தேன். இப்படிச் சொன்னால்தான் மக்கள் பார்ப்பார்கள், ஆளே இல்லாத பழைய கதைக்கு யார் வருத்தப்படப் போகிறார்கள் என்று பதில் வந்தது. பிறகு அதே வீடியோ தலைப்பு மட்டும் மாறி வேறு வேறு பக்கங்களில் வரத் தொடங்கியது. ஒரு பக்கத்தோடு முடியாத விஷயம் இது என்பதால் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவில் எழுதுகிறேன்.

நடந்தது என்ன என்று முதலில் சொல்கிறேன். உங்களில் பலருக்கு அந்தப் படம் தெரியும், போட்டி தெரியாது.

1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். சோவியத் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்ற அந்த எழுச்சி சில நாட்களில் நாடு முழுக்கப் பரவியது. அப்போது ஹங்கேரி வாட்டர் போலோ அணி நகரத்துக்கு மேலே குன்றில் இருந்த பயிற்சி முகாமில் இருந்தது. துப்பாக்கிச் சத்தம் அவர்களுக்குக் கேட்டது, நகரத்திலிருந்து எழும் புகையும் தெரிந்தது. அந்தக் கலவரத்தில் சிக்கிவிடக் கூடாது என்று அணியைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு நகர்த்தினார்கள். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு. நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் நுழைந்து எழுச்சியை நசுக்கின. எவ்வளவு பேர் செத்தார்கள், நாட்டின் நிலை என்ன என்பதெல்லாம் மெல்பர்னில் இறங்கிய பிறகுதான் அந்த இளைஞர்களுக்குச் சரியாகத் தெரிந்தது. வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில் ஒலிம்பிக்கில் ஆட வேண்டியிருந்தது.

டிசம்பர் 6 அன்று எதிரே வந்தது சோவியத் அணி. இந்த இரண்டு அணிகளுக்கும் ஏற்கெனவே நல்ல பழக்கம். 1952இல் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் பயிற்சி முறையையும் ஆட்ட உத்திகளையும் சோவியத் அணி கூர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது. ஹங்கேரி அவர்கள் கைப்பிடிக்குள் இருந்ததால் அது அவர்களுக்கு எளிதாக இருந்தது. ஹங்கேரி வீரர்களுக்கு ரஷ்ய மொழி தெரியும், பள்ளியில் கட்டாயப் பாடமாகப் படித்திருந்தார்கள். எதிராளிகளைச் சீண்டிக் கோபப்படுத்தினால் அவர்கள் ஆட்டத்தைக் கோட்டைவிடுவார்கள் என்று திட்டமிட்டே இறங்கினார்கள். கேப்டன் டெஜோ ஜார்மதி விட்ட ஒரு குத்து அன்றைய படச்சுருளிலேயே பதிவாகியிருக்கிறது. இதை உங்கள் வீடியோக்கள் எதுவும் சொல்வதில்லை. சொன்னால் நல்லவன், கெட்டவன் என்று பிரித்துக் காட்டும் கதை கலைந்துவிடும் அல்லவா!

கொஞ்சம் நின்று அந்த விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸாடோரைப் பற்றிப் பேசும் எந்தப் பக்கமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அணிக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். தரையைத் தொடக்கூடாது. கைகள் பந்துக்கும் எதிராளிக்கும் தேவைப்படுவதால் உடம்பைத் தண்ணீருக்கு மேல் நிறுத்துவது கால்கள்தான். இரண்டு காலும் மாற்றி மாற்றி எதிரெதிர்த் திசையில் வட்டமடிக்க வேண்டும். என் மகனின் அணிப் பிள்ளைகள் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அதை மட்டுமே நெடுநேரம் செய்வார்கள். கரையில் உட்கார்ந்து பார்க்கும் எனக்கே மூச்சு முட்டும். கோல்கீப்பரைத் தவிர மற்றவர்கள் பந்தை ஒரே கையால்தான் பிடித்து எறியலாம். தண்ணீருக்கு மேலே நடுவர் பார்ப்பது ஒரு ஆட்டம், கீழே நடப்பது வேறு. இழுப்பதும் உதைப்பதும் கீறுவதும் இன்றைக்கும் உண்டு. அன்று விதிகளும் கண்காணிப்பும் இன்னும் தளர்வு. இப்படிப்பட்ட ஆட்டத்தில், இப்படிப்பட்ட நாளில், ஸாடோர் இரண்டு கோல் போட்டார்.

இதை உங்களில் எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள்? தேடிப் பார்த்தேன். நான் பார்த்த தமிழ்ப் பதிவு எதிலும் அந்த இரண்டு கோல்கள் இல்லை. ஹங்கேரி 4-0 என்று முன்னிலையில் இருந்தது, அதில் பாதி அவர் கையிலிருந்து வந்தது. சோவியத் அணியால் ஒரு கோல் கூடப் போட முடியவில்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது வாலெந்தின் புரோகோபோவைக் காக்கும் பொறுப்பு ஸாடோருக்கு வந்தது. இருவருக்கும் வாய்ச்சண்டை. ஸாடோர் அவரையும் அவர் குடும்பத்தையும் சேர்த்தே ஏசினார் என்பதை அவரே பிற்காலத்தில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். விசில் சத்தம் கேட்டது. எதற்கு என்று நடுவர் பக்கம் திரும்பினார். அந்த ஒரு கணத்தில் புரோகோபோவ் தண்ணீரிலிருந்து எழும்பிக் கையை ஓங்கி முகத்தில் அடித்தார். கண்ணுக்குக் கீழே தோல் கிழிந்தது.

ரத்தம் வழிய அவர் குளத்தை விட்டு வெளியே வந்தபோது எடுத்த படம்தான் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது, இன்று உங்கள் பக்கங்களில் வருவதும் அதுதான். அரங்கில் சுமார் 5,500 பேர், அவர்களில் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஹங்கேரியர்கள் ஏராளம். கோபத்தோடு குளத்தை நோக்கி இறங்கினார்கள். போலீஸ் வந்து தடுக்க வேண்டியிருந்தது. ஒரு நிமிடம் மீதியிருக்க ஆட்டம் நிறுத்தப்பட்டது. முன்னிலையில் இருந்ததால் ஹங்கேரிக்கு வெற்றி.

இனி நீங்கள் திரும்பத் திரும்பப் பரப்பும் தவறுகள்.

அது இறுதிப் போட்டி இல்லை. அன்றைய முறைப்படி கடைசிச் சுற்று லீக்காக நடந்தது. தங்கம் உறுதியானது அதற்குப் பிறகு யூகோஸ்லாவியாவை 2-1 என்று வென்றபோதுதான். யூகோஸ்லாவியாவுக்கு வெள்ளி, சோவியத் யூனியனுக்கு வெண்கலம். "இறுதிப் போட்டியில் ரத்தம் சிந்தித் தங்கம் வென்றார்" என்று எழுதும்போது உண்மையில் நடந்த அதைவிடப் பெரிய வேதனை ஒன்றை அழித்துவிடுகிறீர்கள். காயத்தால் ஸாடோர் யூகோஸ்லாவியாவுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் இறங்கவே முடியவில்லை. தன் அணி ஒலிம்பிக் தங்கத்துக்காக ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் போராடிக்கொண்டிருந்ததை, சாதாரண உடையில் வெளியே இருந்து பார்த்தார். ஒரு ஆட்டக்காரருக்கு முகத்தில் விழுந்த அடியை விட அது எவ்வளவு வலித்திருக்கும் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். என் மகன் காய்ச்சலால் ஒரு சின்ன உள்ளூர்ப் போட்டியைத் தவறவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. அந்த வயதில், அந்த அளவில் அப்படி. இது ஒலிம்பிக் தங்கம்!

கண் போகவில்லை. தண்ணீர் சிவக்கவும் இல்லை. குளம் முழுக்கச் சிவந்தது என்பது, அந்தப் போட்டிக்கு வந்த "தண்ணீரில் ரத்தம்" என்ற பெயரிலிருந்து கிளம்பிய மிகை. அதை நீங்கள் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், செயற்கையாகச் சிவப்புக் குளத்தையே வரைந்து காட்டுகிறீர்கள். பார்ப்பவர்களில் பலர் அதை 1956இல் எடுத்த படம் என்றே நம்புகிறார்கள். எங்கள் குழுவிலும் நம்பினார்கள், படித்தவர்கள், வேலையில் பெரிய பொறுப்பில் இருப்பவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மைப் படத்தின் பக்கத்திலேயே பொய்ப் படத்தை ஒட்டி, எது எது என்று சொல்லாமல் விட்டது நீங்கள்.

தூக்கு மேடைக் கதைக்கு வருகிறேன். எழுச்சிக்குப் பிறகு ஹங்கேரியில் மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டது உண்மை. பிரதமராக இருந்த இம்ரே நாகியே 1958இல் தூக்கிலிடப்பட்டார். திரும்பிப் போக வீரர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஒலிம்பிக் முடிந்ததும் ஹங்கேரிக் குழுவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நாடு திரும்ப மறுத்தார்கள், ஸாடோர் அவர்களில் ஒருவர். ஆனால் அந்த ஆட்டத்தில் ஆடியவர்கள் திரும்பினாலே தூக்குதான் என்பது கட்டுக்கதை. குத்துவிட்ட கேப்டன் ஜார்மதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும், 1952இல் நீச்சலில் தங்கம் வென்ற அவர் மனைவி ஏவா செகெயும் அமெரிக்கா வரை போய்விட்டு நாடு திரும்பினார்கள். ஜார்மதி மறுபடியும் அணிக்கு ஆடி 1964 டோக்கியோவில் மூன்றாவது தங்கம் வென்றார். அதே அணியின் ஜார்ஜ் கார்பாத்தியும் 1952, 1956, 1964 என்று மூன்று தங்கம். ஒரு பொய்யைச் சொல்வதால் இவர்கள் எடுத்த முடிவுகளும் அவற்றின் பாரமும் காணாமல் போகின்றன. திரும்பியவர்கள் ஒரு அடக்குமுறை ஆட்சியோடு வாழ்ந்தார்கள், திரும்பாதவர்கள் தங்கள் விளையாட்டையே இழந்தார்கள். இரண்டும் சுலபமான வழி இல்லை.

ஸாடோர் இழந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அப்போது வாட்டர் போலோவின் தரம் ஹங்கேரியோடு ஒப்பிடவே முடியாத நிலையில் இருந்தது. உலகத்தின் மிகச் சிறந்த அணியில் ஆடியவருக்கு, இருபதுகளின் தொடக்கத்திலேயே, ஆடத் தகுந்த இடம் இல்லாமல் போனது. கலிஃபோர்னியாவில் நீச்சல் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் பயிற்சி பெற்ற சிறுவர்களில் ஒருவர் பெயர் மார்க் ஸ்பிட்ஸ். ஆமாம், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம், ஏழிலும் உலக சாதனை என்று நீந்திய அதே ஸ்பிட்ஸ். உங்களில் சில பக்கங்கள் ஸ்பிட்ஸைப் பற்றியும் பதிவு போட்டிருக்கிறீர்கள். அங்கே ஸாடோர் இல்லை, இங்கே ஸ்பிட்ஸ் இல்லை.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்தப் பகுதிதான். நாடும் ஆட்டமும் கைவிட்டுப் போன பிறகு, விடிகாலையில் எழுந்து குளக்கரையில் நின்று அடுத்தவர் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர். என் மகனுக்குப் பயிற்சி தருபவரும் அப்படித்தான். எந்தப் பக்கத்திலும் அவர் படம் வராது. பனிக்காலத்தில், வெளியே இன்னும் இருட்டாக இருக்கும்போதே வந்து நிற்பார். ஸாடோரைப் பற்றிய உங்கள் வீடியோவை மொபைலில் காட்டி, தமிழில் என்ன சொல்கிறது என்று அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். பிறகு, அவர் போட்ட கோல்களைச் சொல்கிறார்களா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்கச் சொன்னார்.

இன்னொன்று. இந்த வீடியோக்களுக்குக் கீழே வரும் பேச்சைப் பாருங்கள். ரஷ்யர்கள் என்றாலே இப்படித்தான் என்று ஒரு கூட்டம், ஹங்கேரியர்கள் நாடகக்காரர்கள் என்று இன்னொரு கூட்டம். இன்றைய போர்களை எல்லாம் கொண்டுவந்து அந்தக் குளத்தில் இறக்குகிறார்கள். அன்று ஆடிய மனிதர்கள் அப்படி நின்றுவிடவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, ஒரு ஆவணப்படத்துக்காக இரண்டு அணிகளிலும் உயிரோடு இருந்தவர்கள் சந்தித்துப் பேசினார்கள். வயதான மனிதர்கள், ஒரே விளையாட்டை ஆடியவர்கள், ஒரு ஆட்சியின் பாவத்தை எதிரே நீந்திய ஏழு பேர் தலையில் ஏற்ற முடியாது என்று புரிந்தவர்கள். அந்தச் சந்திப்பைப் பற்றி ஒரு வரி போட உங்களுக்கு இடம் இருந்திருக்காதா?

நீங்கள் சொல்லும் வாதங்கள் எனக்குத் தெரியும். ஒரு நிமிட வீடியோவில் இவ்வளவையும் எப்படிச் சொல்வது என்பீர்கள். எல்லாவற்றையும் சொல்லச் சொல்லவில்லை. "4-0, அதில் இரண்டு கோல் இவருடையது, காயத்தால் தங்கத்துக்கான கடைசி ஆட்டத்தில் ஆட முடியவில்லை, பிறகு அமெரிக்காவில் மார்க் ஸ்பிட்ஸுக்குப் பயிற்சி கொடுத்தார்." வாசித்துப் பாருங்கள், பத்துப் பதினைந்து நொடிதான் ஆகும். சிவப்புக் குளத்துக்கும் அழுகைக்கும் நீங்கள் செலவழித்த நேரத்தில் பாதி கூட இல்லை. பார்ப்பவர்கள் குறைவார்கள் என்பீர்கள். எனக்கு அந்தக் கவலை புரிகிறது. பார்வைதான் உங்கள் வருமானம், பலருக்கு அது முழுநேர வேலை. ஆனால் இந்த மனிதரின் உண்மைக் கதையில் விறுவிறுப்புக்கு என்ன குறை? ஒரு எழுச்சி, நாடு விட்ட ஓட்டம், சீண்டல் திட்டம், இரண்டு கோல், அடி, கலவரம், தவறிய ஆட்டம், அகதி வாழ்க்கை, ஏழு தங்கக்காரனின் சிறுவயது. இதில் பொய் சேர்க்க எங்கே தேவை வந்தது?

ஆளே இல்லாத கதைக்கு யார் வருத்தப்படுவார் என்று கேட்டவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆட்கள் இருக்கிறார்கள். அவரிடம் நீச்சல் கற்றவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டி அமெரிக்காவில் இருக்கிறார்கள். இந்த ஊரில் 1956ஐ நேரில் பார்த்தவர்கள் டிராமில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்கள். ஒவ்வொரு அக்டோபர் 23 அன்றும் நடுவில் ஓட்டை வெட்டிய கொடிகள் புடாபெஸ்டில் ஏறுகின்றன, எழுச்சியின்போது கம்யூனிச இலச்சினையைக் கொடியிலிருந்து மக்கள் அப்படித்தான் வெட்டி எடுத்தார்கள். 2020 ஜூனில் மூன்று தங்கக்காரர் கார்பாத்தியும், 2000, 2004, 2008 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற திபோர் பெனடெக்கும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தபோது இங்கே மக்கள் எப்படித் துக்கப்பட்டார்கள் என்பதைப் பார்த்தேன். பெனடெக்குக்கு வயது 47 தான். வாட்டர் போலோ இவர்களுக்கு ஏதோ ஒரு விளையாட்டு இல்லை. ஆண்கள் அணி ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கிறது, வேறு எந்த நாடும் பக்கத்தில் இல்லை.

அந்த ஒன்பதிலும் எவ்வளவு பேர் இருக்கிறார்கள்! ஒலிவேர் ஹலாஷிக்குச் சிறுவயதில் டிராம் விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. அதோடு 1932, 1936 இரண்டிலும் தங்கம் வென்றார், 1931இல் 1500 மீட்டர் நீச்சலில் ஐரோப்பிய சாம்பியனும் ஆனார். மேலே நான் சொன்ன அந்தக் கால் உதையை நினைத்துக்கொண்டு இதை மறுபடி படியுங்கள். பெண்கள் பக்கம், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ரீத்தா கெஸ்ட்ஹெய் தலைமையிலான அணி, 2008 இறுதிப் போட்டிக்குப் பிறகு ஒலிம்பிக்கில் தோற்றே அறியாத அமெரிக்காவை 10-9 என்று வீழ்த்தியது. அப்புறம் தன் முதல் ஒலிம்பிக் பதக்கமாக வெண்கலமும் வாங்கியது. இவர்கள் யாரையும் தமிழில் நான் பார்க்கவில்லை. ஒரு நாட்டின் நூறு வருட விளையாட்டிலிருந்து தமிழ் வாசகருக்கு வந்து சேர்ந்தது ரத்தம் வழியும் ஒரே ஒரு முகம். பதிவு போட ஆளுக்கா பஞ்சம்?

இனி நான் கேட்பது.

ஸாடோரைத் தமிழில் பேசவைத்த அந்த வீடியோவை நீக்குங்கள். வைத்திருப்பவர்கள் அனைவரும், முதலில் போட்டவர் மட்டும் இல்லை. இறந்துபோன, நிஜமாக வாழ்ந்த ஒரு மனிதருக்குச் செயற்கைக் குரல் கொடுத்து, அவர் சொல்லாததைச் சொல்லவைக்கும் வேலையை இனி யாருக்கும் செய்யாதீர்கள். நடித்துக் காட்டியே ஆக வேண்டும் என்றால், இது கற்பனை என்று வீடியோவின் மேலேயே, ஓடும் நேரம் முழுக்க, தமிழில் எழுதிக் காட்டுங்கள். கீழே விளக்கத்தில் ஒளித்து வைப்பது போதாது, வாட்ஸ்ஆப்பில் அந்த விளக்கம் கூட வராது.

வண்ணம் பூசிய படத்தைப் போட்டால் வண்ணம் பூசியது என்று குறிப்பிடுங்கள், பக்கத்திலேயே அசல் படத்தையும் போடுங்கள். செயற்கையாக உருவாக்கிய சிவப்புக் குளம் போன்ற படங்களை வரலாற்றுப் படங்களோடு ஒரே பதிவில் கலக்காதீர்கள்.

ஏற்கெனவே போட்ட பதிவுகளில், இறுதிப் போட்டி, போன கண், தூக்குக் கயிறு என்ற மூன்றையும் திருத்துங்கள். திருத்தியதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகாமல், பழைய பதிவைப் பார்த்த அதே மக்கள் பார்க்கும்படி ஒரு புதிய பதிவாகவும் சொல்லுங்கள். அதில் அந்த இரண்டு கோல்களும், அவர் ஆட முடியாமல் போன யூகோஸ்லாவியா ஆட்டமும், ஸ்பிட்ஸும் இருக்கட்டும்.

ஜார்மதியின் குத்தையும் ஹங்கேரி அணியின் சீண்டலையும் மறைக்காதீர்கள். பதிவுக்குக் கீழே ஒரு இனத்தையே ஏசும் பேச்சு வந்தால் அதை நீக்குங்கள், அது உங்கள் பக்கம், உங்கள் பொறுப்பு.

தவறு என்று யாராவது சான்றோடு எழுதினால் படித்துப் பதில் சொல்ல ஒரு வழியை உங்கள் பக்கத்திலேயே வையுங்கள். உங்களிடம் பல லட்சம் பேர் வருகிறார்கள், அவர்களில் கதை நடந்த ஊரில் வாழ்கிறவர்களும் மொழி தெரிந்தவர்களும் இருப்பார்கள். ஹங்கேரி பற்றி எழுதும்போது சரிபார்க்க ஆள் வேண்டும் என்றால், எனக்குத் தெரிந்த வரை நானே பார்த்துச் சொல்கிறேன், தெரியாததை இங்கே தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன். காசு வேண்டாம். வரும் அக்டோபர் 23க்கு இந்தப் படம் மறுபடி சுற்றத் தொடங்கும். அதற்குள் திருத்தப் பதிவு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புடாபெஸ்டிலிருந்து, ஒரு சிறுவர் அணி வீரனின் அம்மா